அவர்கள் வழியாக

ஏற்காட்டில் காப்பிச் செடியின் தண்டுக்கு மருந்து பூசும் வேலை வருடத்தில் இரண்டு முறை வரும். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் ஒருமுறை, ஐப்பசிக்குப் பிறகு இன்னொரு முறை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அந்தப் பருவங்களில்தான் பறந்து வந்து பட்டை இடுக்குகளில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் செடி மெல்ல வாடிச் சாகும். எங்கள் மலையில் இருப்பது பெரும்பாலும் அராபிகா. அந்த வண்டுக்குப் பிடித்ததும் அராபிகாதான்.

1985இல் எனக்கு ஐந்து வயது, தம்பி கைக்குழந்தை. அம்மா ஒரு தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். வாளியில் வெள்ளைத் தூளைக் கரைத்து, துணியை நனைத்து, ஒவ்வொரு தண்டிலும் அடியிலிருந்து மேல்வரை பூச வேண்டும். கையுறை கிடையாது. அந்தத் தூளைத் தோட்டத்தில் பி.எச்.சி. என்பார்கள், கீழே நெல் வயல்காரர்கள் கமாக்ஸின் என்பார்கள். மட்கிய வாடை அடிக்கும். நடுப்பகலில் தம்பிக்குப் பால் கொடுக்க லயனுக்கு வந்து போவார். “ஓடையில மண்ணு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன். வாசன போவாது. உன் தம்பி மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவான்” என்று இப்போதும் சொல்வார்.

இந்த நினைவுக்கும் வடதுருவத்துக்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக, தமிழ் இலக்கியத்தில் தாய்ப்பால் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நமக்கு இதில் பஞ்சமே இல்லை. உமையின் ஞானப்பாலைக் குடித்த சம்பந்தர் இருக்கிறார். மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டதும், அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் சொன்ன புறநானூற்றுக் கிழவி இருக்கிறாள். வீரம், ஞானம், மானம் என்று எதையெல்லாமோ தமிழ் அந்தப் பாலில் கரைத்துப் பார்த்திருக்கிறது. ஆனால் பாலை வெறும் பாலாக, ஒரு பெண்ணின் உடலிலிருந்து வருகிற பொருளாக, அதில் என்ன இருக்கிறது என்று கேட்ட இடம் ஒன்றுகூட அகப்படவில்லை. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஷீலா வாட்-குளூட்டியே என்ற இனூயிட் பெண் 2015இல் எழுதிய ‘குளிர்ந்திருக்கும் உரிமை’ என்ற பொருள்படும் தலைப்புள்ள ஆங்கில நூல் கைக்கு வந்தது. அதில் தாய்ப்பால் ஒரு பன்னாட்டுப் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்திருந்தது.

*

இந்தியாவுக்கும் வடதுருவத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1920 பிப்ரவரி 9ஐத் தொடக்கமாகச் சொல்வார்கள். அன்று பாரிசில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கை, அந்தத் துருவத் தீவுக்கூட்டத்தை நார்வேயின் ஆளுகைக்குக் கொடுத்தது. கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்கள் எல்லோரும் அங்கே மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், சுரங்கம் தோண்டலாம், தொழில் செய்யலாம். போர்க் காரியங்களுக்கு அந்தத் தீவுகளைப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர் பாரிசில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டார்பி பிரபு.

ஆக, ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அவளுக்குத் தெரியாமலேயே, துருவக் கரடி உலாவும் தீவில் தொழில் செய்யும் உரிமை கிடைத்துவிட்டது. சொந்த மாகாணத்தில் அவளுக்கு வாக்குரிமை இல்லை. சென்னைச் சட்டமன்றம் 1921இல்தான் பெண்கள் மீதான தடையை நீக்கியது, அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கோ, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காப்புக்காட்டில் விறகு பொறுக்குவதுகூடக் குற்றமாகக்கூடிய காரியம். எங்கேயோ உள்ள பனியில் உரிமை, காலடியில் உள்ள காட்டில் தடை. நாடுகளின் பெயரால் போடப்படும் கையெழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

ஆனால் நமக்கும் துருவத்துக்கும் உள்ள உண்மையான உறவு அந்தக் காகிதத்தில் இல்லை. அது காற்றில் இருக்கிறது.

*

1980களின் இடையில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் எரிக் தெவாயி என்ற மருத்துவ ஆய்வாளர் தாய்ப்பாலில் தொழிற்சாலை நச்சுகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, மாசே படாத பால் அவருக்குத் தேவைப்பட்டது. ஆலைகளோ பெரிய சாலைகளோ இல்லாத வடக்கு மூலையான நுனாவிக்கில் வாழும் இனூயிட் தாய்மார்களின் பால் சோதனைக்கு வந்தது. முடிவு தலைகீழாக இருந்தது. மின்மாற்றிகளிலும் பிற தொழிற்சாலைச் சாதனங்களிலும் பயன்பட்ட பிசிபி என்ற நச்சு, தெற்கே வாழ்ந்த பெண்களின் பாலில் இருந்ததைவிட அவர்கள் பாலில் சுமார் ஐந்து மடங்கு இருந்தது.

காரணம் பிறகு விளங்கியது. சில வேதிப்பொருள்கள் வெப்பமான இடத்தில் ஆவியாகும். காற்றோடு போய்க் குளிர்ந்த இடத்தில் இறங்கும். சூடேறினால் மறுபடி எழும்பும். இப்படித் தத்துக்கிளி போலத் தாவித் தாவிக் கடைசியில் துருவத்தின் குளிரில் சிக்கிக்கொள்ளும். அங்கே எளிதில் சிதைவதில்லை. பாசியிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து சீலுக்கும் பெலுகா திமிங்கிலத்துக்கும் போகப் போகக் கொழுப்பில் அடர்த்தியாகும். அந்தக் கொழுப்பு இனூயிட் மக்களின் உணவு. சங்கிலியின் கடைசிக் கண்ணி மனிதர் என்றுதான் சொல்வோம். இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைதான் கடைசிக் கண்ணி.

இனூயிட் பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பாலை நிறுத்தினால் புட்டிப்பால் வாங்க வேண்டும். வடக்கே அது யானை விலை. சீல் கறியை நிறுத்தினால் அதோடு சேர்த்து வேட்டையும் பகிர்ந்துண்ணும் முறையும் போய்விடும். குழந்தைக்குத் தாய்ப்பாலின் நன்மை அதன் ஆபத்தைவிடப் பெரிது என்றுதான் அங்கே மருத்துவர்களும் சொன்னார்கள். அதனால் பெண்கள் தொடர்ந்து பாலூட்டினார்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே. நச்சுப்பால் தாய்மார்கள் என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்ற அச்சமும் உடன் இருந்தது. இதையும் மீறி அவர்கள் பேசத் தீர்மானித்தார்கள்.

*

காலமும் கொஞ்சம் இடம் கொடுத்தது. 1987 அக்டோபர் 1 அன்று முர்மான்ஸ்க் நகரில் பேசிய கோர்பச்சேவ், வடதுருவம் அமைதியின் பகுதியாக வேண்டும், சுற்றுச்சூழலைக் காக்க வடநாடுகள் ஒன்றுசேர வேண்டும் என்றார். பனிப்போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒன்றையொன்று வேவு பார்த்த கடல் அது. பின்லாந்து இந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டது. 1991 ஜூன் 14 அன்று ரோவானியேமி நகரில் எட்டு நாடுகள் ஆர்க்டிக் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திட்டத்தில் கையெழுத்திட்டன: கனடா, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன், சோவியத் ஒன்றியம், அமெரிக்கா. துருவ மாசுகளைத் தொடர்ந்து அளக்க ஓர் அமைப்பு உருவானது. பகை நாடுகள் முதலில் ஒத்துக்கொண்ட காரியம் அளப்பதுதான். அளந்ததை எல்லோரும் நம்பினால்தான் அடுத்த பேச்சு.

இதுவே 1996 செப்டம்பர் 19 அன்று ஒட்டாவாவில் ஆர்க்டிக் கவுன்சிலாக வளர்ந்தது. அதை உருவாக்கும் வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் மேரி சைமன், 1994இல் கனடாவின் முதல் துருவ வட்டாரத் தூதராக நியமிக்கப்பட்ட இனூயிட் பெண். கவுன்சிலில் எட்டு நாடுகளோடு பூர்வகுடி அமைப்புகளும் நிரந்தரப் பங்கேற்பாளர்களாக அமர்கின்றன. இன்று அவை ஆறு. முடிவு எட்டு நாடுகளின் ஒருமித்த சம்மதத்தில்தான் என்றாலும், இந்த ஆறு அமைப்புகளையும் முழுமையாகக் கலந்துகொள்ளாமல் எடுக்க முடியாது. இதை இலட்சியமாக்கிப் பார்க்கவும் நான் தயாரில்லை. ஒட்டாவா அறிக்கையின் அடிக்குறிப்பு ஒன்று, இதில் ‘மக்களினங்கள்’ என்று சொல்லியிருப்பதால் பன்னாட்டுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குள்ள உரிமைகள் கிடைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அது உன்னுடையது அல்ல என்று கீழே சின்ன எழுத்தில் எழுதி வைத்தார்கள். ஆனாலும் நாற்காலி கிடைத்தது.

அந்த அளவுகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஷீலா வாட்-குளூட்டியே உலகப் பேச்சுவார்த்தைக்குப் போனார். அவரும் மேரி சைமனும் நுனாவிக்கில் பிறந்தவர்கள். சோதனைக்குப் போன பால் அவர்களுடைய அக்கா தங்கைகளின் பால்.

நீடித்து நிலைக்கும் கரிம மாசுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கைக்கான பேச்சு 1998இல் மாண்ட்ரியாலில் தொடங்கியது. 1999 ஜனவரியில் நைரோபியில் இரண்டாம் அமர்வு நடந்தது. அங்கே அவர் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர் கிளாஸ் டோப்ஃபருக்கு ஓர் இனூயிட் கற்சிற்பத்தைப் பரிசளித்தார். தாயும் குழந்தையும். டோப்ஃபர் அதைப் பேச்சுவார்த்தையின் தலைவர் ஜான் புச்சினியிடம் கொடுத்தார். அதன்பின் அமர்வுகளில் அது அவருடைய மேசையிலேயே இருந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டிடிடியை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு நின்றது. மலேரியா உள்ள வெப்ப நாடுகள், கொசுவுக்கு எங்களிடம் வேறு மலிவான வழி இல்லை என்றன. இனூயிட் தாய்மார்கள் முதல் தரப்போடு நிற்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வாட்-குளூட்டியே நிற்கவில்லை. தன் குழந்தையை மலேரியாவிலிருந்து காக்க டிடிடியை நம்பியிருக்கும் இன்னொரு தாயை ஆபத்தில் தள்ளும் உடன்படிக்கையில் நாங்கள் பங்கேற்க முடியாது என்பதே அவர் எடுத்த நிலை. மாற்று வழி கிடைக்கும்வரை நோய்த் தடுப்புக்கு மட்டும் டிடிடி என்ற விதிவிலக்கு இறுதி உடன்படிக்கையில் இடம்பெற்றது. அதைப் பயன்படுத்திக்கொண்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் நாட்டுப் பெண்ணுக்காகப் பனி நாட்டுப் பெண் தன் கோரிக்கையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். இராஜதந்திரம் என்ற சொல்லில் இராஜாவும் தந்திரமும் இருக்கின்றன. இங்கே இரண்டும் இல்லை.

2000 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் பேச்சு முடிந்தது. 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் கையெழுத்து. 2004 மே 17 முதல் நடைமுறை. முதல் பட்டியலில் 12 வேதிப்பொருள்கள். 2006 ஜனவரியில் இந்தியா ஏற்பளித்தது.

*

இனி எங்கள் பக்கம்.

அம்மா கரைத்த தூளின் முழுப்பெயர் ஹெக்ஸாகுளோரோ சைக்ளோஹெக்சேன், சுருக்கமாக எச்.சி.எச். உலகிலேயே இதை அதிகம் பயன்படுத்திய நாடுகளில் இந்தியாவும் இருந்தது. 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனபே குழுவினரும் சேர்ந்து, வெள்ளாற்றுப் பகுதி நெல் வயலில் இந்த மருந்தைத் தூவி, அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். நீரோடு கடலுக்குப் போனது மிகச் சொற்பம். கிட்டத்தட்ட முழுவதும் காற்றில் எழும்பிப் போய்விட்டது. நம் வெயில் அப்படி. பின்னாளில் கடல்நீரை அளந்தபோது, வெப்பமண்டலக் கடல்களைவிட வடதுருவத்துக் குளிர்ந்த கடலில் எச்.சி.எச். கூடுதலாக இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நுனாவிக் தாய்மார்களின் பாலில் ஏறிய பிசிபி எங்கள் தோட்டங்களிலிருந்து போனதல்ல. அது தொழில்மயமான நாடுகளின் ஆலைகள் விட்ட கழிவு. எச்.சி.எச்சிலும்கூட இந்தப் பிடி ஏற்காட்டிலிருந்து வந்தது, இந்தப் பிடி சீனத்திலிருந்து வந்தது என்று காற்றில் எவரும் முகவரி எழுத முடியாது. ஆனால் அம்மா பூசியதில் ஒரு பங்கு தண்டில் நின்றது, ஒரு பங்கு அவர் கையில் ஒட்டியது, ஒரு பங்கு சேர்வராயன் கோயில் உச்சியைத் தாண்டிப் போனது. அதைப் பற்றிச் சந்தேகம் இல்லை.

அதே ஆய்வுக் குழுக்கள் தென்னிந்தியத் தாய்மார்களின் பாலையும் அளந்தார்கள். முடிவுகள் 1990இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்தன. பிசிபி குறைவு, எச்.சி.எச்சும் டிடிடியும் முன்னணியில். அதாவது நுனாவிக்கில் அளந்த அதே காலத்தில் இங்கேயும் அளந்திருக்கிறார்கள். அங்கே அந்த எண்கள் பெண்களின் கைக்குப் போய், நைரோபி மேசைவரை போயின. இங்கே ஆய்விதழோடு நின்றுவிட்டன. அறிவியல் இரண்டு இடத்திலும் இருந்தது. எண்ணை எடுத்துக்கொண்டு போய் உட்காரும் நாற்காலி ஓரிடத்தில்தான் இருந்தது.

இந்தியா 1997 ஏப்ரலில் எச்.சி.எச்சைத் தடைசெய்தது. அதன் சுத்திகரித்த வடிவமான லிண்டேன் காப்பித் தண்டுகளில் தொடர்ந்தது. 2009இல் லிண்டேன் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தது. இங்கே அதன் பயன்பாடு முடிந்தது 2013இல். அடுத்து வந்தது குளோர்பைரிபாஸ். 2025 மே மாதம் ஜெனீவாவில் அதுவும் விதிவிலக்குகளோடு பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு தூள் போய் ஒரு திரவம் வருகிறது. வாளியைப் பிடிக்கும் கை மாறவில்லை.

இதற்கிடையில் இந்தியா துருவ நாடாகிவிட்டது என்றே சொல்லலாம். 2008 ஜூலை 1 அன்று ஸ்வால்பார்டின் நை-ஆலெசுண்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2013 மே மாதம் கிருனாவில் ஆர்க்டிக் கவுன்சிலின் பார்வையாளர் தகுதி கிடைத்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் போரால் மற்ற ஏழு நாடுகள் ரஷ்யாவோடு கவுன்சிலில் அமர மறுத்துக் கூட்டங்களை நிறுத்திய அதே மாதத்தில், இந்தியா தன் ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது. அங்கே பனி உருகினால் இங்கே பருவமழை மாறும், ஆகவே நமக்கு அங்கே வேலை இருக்கிறது என்பது வாதம். சரியான வாதம்தான். ஆனால் உறவு ஒருவழிப் பாதை அல்லவே. அங்கிருந்து நமக்கு என்ன வருகிறது என்று கேட்கும் நாடு, இங்கிருந்து அங்கே என்ன போனது என்றும் கேட்க வேண்டும்.

பார்வையாளராகச் சேர விரும்பும் நாடு துருவப் பூர்வகுடிகளின் விழுமியங்களையும் நலன்களையும் பண்பாட்டையும் மதிக்க வேண்டும் என்பது 2011இல் நூக் கூட்டத்தில் வகுத்த நிபந்தனைகளில் ஒன்று. இந்தியா அதை ஏற்றுத்தான் உள்ளே போனது. மேசையில் இனூயிட், சாமி மக்களின் அமைப்புகளுக்குள்ள தகுதி இந்தியாவுக்கு இல்லை. இதை நான் அவமானமாகச் சொல்லவில்லை. நல்ல பாடமாகச் சொல்கிறேன். தூரத்துப் பழங்குடிகளுக்கு அடுத்த வரிசையில் உட்காரச் சம்மதித்த நாடு, தன் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டவும் மருந்தை அனுமதிக்கவும் முடிவெடுத்த மேசைகளில் ஒரு மலையாளிப் பெண்ணுக்கு நிரந்தர நாற்காலி போட்டதில்லை.

*

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முகவுரையைத் தமிழில் பெயர்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துருவச் சூழலும் அங்குள்ள பூர்வகுடிகளும் குறிப்பாக ஆபத்தில் இருப்பதை அது ஒப்புக்கொள்கிறது. அந்த வாக்கியத்தின் பின்னால் நுனாவிக் பெண்கள் நிற்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. வளரும் நாடுகளில் இந்த நச்சுகளால் உண்டாகும் உடல்நலக் கவலைகளைப் பற்றியது. பெண்கள் மீதும், அவர்கள் வழியாக வருங்காலத் தலைமுறைகள் மீதும் ஏற்படும் பாதிப்பு என்று அது சொல்கிறது. அந்த வாக்கியத்தில் இருப்பது நாங்கள். ஏற்காடும் காசர்கோடும், வாளியும் துணியும்.

‘அவர்கள் வழியாக’ என்ற இடத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். உலக நாடுகள் கூடிப் பெண்களை ஒரு சட்டத்தில் எழுதியபோதும் பாதையாகவே எழுதின. பாலுக்காகக் கவலைப்பட்டார்கள். நுனாவிக் பெண்களும் அதைத் தெரிந்தேதான் தாயும் சேயும் சிற்பத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தாயாகப் போனால்தான் கதவு திறக்கும். அந்தக் கதவு திறந்ததால் எத்தனையோ நச்சுகள் மண்ணிலிருந்து போயின, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மருந்து பூசிய நாட்களில் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்தவள் தாய் மட்டுமல்ல. பிள்ளை பெறாத செல்லி அத்தையும் அதே வாளியைத்தான் தூக்கினாள்.

அம்மா முழுவதும் கேட்டார். வெளுத்துப் போன தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“கொழந்தைக்கு என்னாச்சுன்னு கேட்டுருக்காங்க, செரி. எங்களுக்கு என்னாச்சுன்னு எந்தப் பக்கத்துல கண்ணு எழுதியிருக்குது?”

இரண்டாம் முறையும் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை. அதனால் இதை எழுதினேன்.